பள்ளியில் பெர்மாகல்ச்சர்: கீரைப் பாத்தியா, வாழைக் குழியா, பஸ் பயணமா?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் “பிள்ளைகளுக்கு மண்ணோடு பழகக் கற்றுக்கொடுக்க வேண்டும்” என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச ஆளிருக்காது. பணத்தையும் நேரத்தையும் எதில் போடுவது என்று வரும்போதுதான் பேச்சு சிதறும். ஒருவர் காய்கறித் தோட்டம் என்பார். இன்னொருவர் ஆரோவில்லுக்குப் பஸ் பிடிக்கலாம் என்பார். தலைமையாசிரியருக்கு ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் அனுப்பிய கடிதம் நினைவுக்கு வரும். மரக்கன்று நட்டுப் படம் எடுத்தால் போதும் என்று நினைப்பவர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

பள்ளியில் பெர்மாகல்ச்சர் கற்பிக்கும் வழிகளின் இந்த ஒப்பீடு அந்தக் கூட்டத்துக்காக எழுதப்பட்டது. மனத்தில் வைத்திருப்பது ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி: 250 பிள்ளைகள், கால் ஏக்கர் காலியிடம், ஓர் ஆழ்துளைக் கிணறு, சத்துணவுக் கூடம், கை கழுவும் குழாய் வரிசை. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பள்ளிகளைத் தேடிப்போக வேண்டியதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 1970களில் டாஸ்மேனியாவில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரனும் வகுத்த பெர்மாகல்ச்சர், செடி வளர்க்கும் உத்திகளின் தொகுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது முதன்மையாக ஓர் இடத்தைத் திட்டமிடும் முறை. வெயில் எங்கே விழுகிறது, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எது வீணாகிறது, அந்த வீண் எதற்கு உணவாகும் என்று பார்த்து, அளந்து, அதன் பிறகே மண்வெட்டியை எடுக்கச் சொல்கிறது. ஆகவே ஆசிரியர் கோடு போட்டுக் கொடுக்க, பிள்ளைகள் பாத்தி கட்டித் தண்ணீர் ஊற்றினால் அது தோட்ட வேலை. நல்ல வேலைதான். ஆனால் திட்டமிடக் கற்றுக்கொண்டவர் ஆசிரியர் மட்டுமே.

எனவே எந்த வழியையும் இரண்டு கேள்விகளால் உரசிப் பார்ப்பேன். ஏப்ரல் கடைசியில் பள்ளி பூட்டப்பட்டு ஜூனில் திறக்கும் வரை இதை யார் காப்பாற்றுவார்கள்? இதில் எந்த முடிவைப் பிள்ளைகள் எடுக்கிறார்கள்? செலவை நான் மூன்றாவதாகத்தான் வைக்கிறேன். பணம் கிடைத்த பிறகும் செத்துப்போன பள்ளித் தோட்டங்கள் ஏராளம்.

காய்கறித் தோட்டம்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். மத்திய அரசும் 2019இல் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. சத்துணவுக்குப் பள்ளியிலேயே காய் விளையும் என்ற எண்ணத்தில் ஓர் அழகு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த அழகு கொஞ்சம் மங்கும்.

மதிய உணவுத் திட்ட அளவுப்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி, நடுநிலைப் பிள்ளைக்கு 75 கிராம். 250 பேருக்குக் குறைந்த அளவை வைத்தாலே 12.5 கிலோ. ஒரு சென்ட் நிலம் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். கீரை சுமாராக வந்தால் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். விதைத்து 25, 30 நாளில் 40 கிலோ. ஒரு மாத உழைப்பு மூன்று நாள் சமையலுக்குக் காணும். அதற்குக் கோடையில் ஊற்ற வேண்டிய தண்ணீர் நாளுக்கு 200 லிட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். வெயில் காலத்தில் பயிரும் மண்ணும் சேர்ந்து நாளுக்கு 5 மில்லிமீட்டர் இழக்கும். மீதி வெறும் பெருக்கல். இந்தக் கணக்கை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே கரும்பலகையில் போடலாம். போட வேண்டும் என்பதே என் கட்சி. விளைச்சலைக் காட்டி விற்கப்படும் திட்டத்தை அவர்களே சரிபார்க்கட்டும்.

தோட்டத்துக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பள்ளி நாட்காட்டியும் விதைப்புப் பட்டமும் பகையாளிகள் அல்ல. ஜூனில் பள்ளி திறக்கிறது. ஆனியில் மண்ணைக் கிளறிச் சாணமும் சருகும் சேர்த்தால், ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது சரியாகக் காலாண்டுத் தேர்வுக்கு முன் விழுகிறது. வெண்டையும் கொத்தவரையும் 45, 50 நாளில் காய்க்கத் தொடங்கிவிடும். தைப்பட்டத்தில் போட்ட கீரையும் தட்டைப்பயறும் மார்ச்சுக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு பாத்தியைச் சருகால் மூடிவிட்டுப் போய்விடலாம். கோடையில் எதுவும் உயிரோடு இருக்க வேண்டியதில்லை என்று முன்பே முடிவு செய்துகொண்ட தோட்டம் மே மாதத்தைத் தாண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய், பந்தல் காய் என்று ஆசைப்பட்டு ஜனவரியில் நாற்று விட்டவர்கள்தான் ஏப்ரலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு சிக்கல் பழையது. 1937இல் வர்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில் படிப்பின் மையத்தில் இருந்தது. அதன் வருமானம் ஆசிரியர் சம்பளத்துக்கு உதவ வேண்டும் என்ற கருத்தும் கூடவே இருந்தது. பிள்ளைகளை அது வேலையாட்களாக்கிவிடும் என்ற எதிர்ப்பு அன்றே எழுந்தது. சத்துணவுக்கு இத்தனை கிலோ என்று இலக்கு வைக்கும் தோட்டத்துக்கும் அதே ஆபத்து உண்டு. கிலோ முக்கியமாகிவிட்டால், காய்க்காத செடி ஏன் காய்க்கவில்லை என்று உட்கார்ந்து பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஆசிரியரே ஆள் வைத்து உரம் போட்டுவிடுவார்.

வாழைக் குழியும் பல்லாண்டுச் செடிகளும்

சத்துணவு முடிந்ததும் குழாயடியில் நடப்பதைக் கவனியுங்கள். ஒரு பிள்ளை கைக்கும் தட்டுக்குமாக ஒன்றரை லிட்டர் செலவழித்தால் 250 பேருக்கு 375 லிட்டர். ஒரு சென்ட் காய்கறிக்குக் கோடையில் தேவைப்படுவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு, ஒவ்வொரு பள்ளி நாளும், சாக்கடையிலோ குழாயடிச் சேற்றிலோ போகிறது. சேறு கொசுவுக்கு வீடு. டெங்குக் காலத்தில் சுகாதார ஆய்வாளர் வந்து முதலில் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான்.

வாழை வட்டம் என்று பெர்மாகல்ச்சர்காரர்கள் சொல்வது இதற்கான விடை. இரண்டு மீட்டர் விட்டத்தில் இரண்டரை அடி ஆழக் குழி. தோண்டிய மண்ணைக் கரையாக ஏற்றி, அதில் நான்கைந்து வாழைக் கன்றுகள், இடையில் பப்பாளி, கீழே சேம்பு. குழி நிறைய, தரை மட்டத்துக்கு மேல் குவியும் அளவு சருகு, ஓலை, தழை. குழாய் நீர் அதற்குள் போகும். நீர் வெளியே தெரியாதவரை கொசு முட்டையிட இடமில்லை. சோற்றுப் பருக்கை குழிக்குள் போனால் எலி வரும் என்பதால் வழியில் ஒரு கூடை வைத்து வடிகட்ட வேண்டும். தோண்டிய அன்றே குழியை நிரப்பிவிட வேண்டும். சிறு பிள்ளைகள் ஓடும் இடம்.

இதில் நம்மூர் ஆட்களுக்குப் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பாத்திரம் துலக்கும் நீர் போகும் வழியில் புழக்கடை வாழை நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதுவே இதன் பலம். வீட்டில் பாட்டி செய்ததற்கு அளவும் காரணமும் கண்டுபிடிக்கும் வேலையாகப் பாடம் மாறிவிடுகிறது.

பிள்ளைகள் எடுக்கும் முடிவுகளும் இதில்தான் அதிகம். எத்தனை குழி வேண்டும்? முதலில் ஒரு சிறு குழி தோண்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, வற்றும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்க்கட்டும். களிமண்ணா செம்மண்ணா என்பது அதிலேயே தெரிந்துவிடும். குழிகளின் எண்ணிக்கையும் அதிலிருந்து வரும். எங்கே வெட்டுவது? காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று என்று ஒரு குச்சியின் நிழலை மாதம் ஒருமுறை தரையில் குறிக்கட்டும். திருச்சி அட்சரேகையில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நிழல் தெற்கே விழும். மார்கழியில் ஒரு மீட்டர் குச்சியின் நிழல் வடக்கே மூன்றில் இரண்டு மீட்டர் நீளும். டாஸ்மேனியாவிலிருந்து எழுதுபவருக்கு நண்பகல் சூரியன் எப்போதும் வடக்கே. ஐரோப்பாவிலிருந்து எழுதுபவருக்கு எப்போதும் தெற்கே. நம் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் உண்டு என்பதைக் குச்சி சொல்லிக்கொடுக்கும். இணையத்தில் பார்த்த மூலிகைச் சுருளை, அதாவது சுருள் வடிவில் உயர்த்திய மூலிகை மேட்டை, அப்படியே கல்லடுக்கிக் கட்டும் பள்ளிகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. குளிர் நாட்டில் உயர்த்திக் கட்டிய மேடு சூட்டைப் பிடித்து வைக்கும். நம் ஊரில் அதே மேடு சித்திரையில் காய்ந்துவிடும். மழை குறைந்த நிலத்துக்குத் தரைக்குக் கீழே இறங்கிய பாத்திதான் பொருந்தும்.

மே மாதச் சோதனையில் இது முழுத் தேர்ச்சி பெறாது. பிள்ளைகள் இல்லையென்றால் கை கழுவும் நீரும் இல்லை. ஆனால் சருகு நிறைந்த குழி ஈரத்தை விட்டுக்கொடுக்காது. வாரம் இருமுறை சில குடம் ஊற்ற ஆள் இருந்தால் போதும். அதுவும் இல்லாமல் வாழை வாடினாலும், கிழங்கு பிழைத்து மழை கண்டதும் பக்கக் கன்று விடும். வெண்டைச் செடிக்கு இப்படி இரண்டாம் வாய்ப்பு கிடையாது. வாழை குலை தள்ளி முற்ற ஏறக்குறைய ஓராண்டு ஆகும். ஏழாம் வகுப்பில் நட்டவர்கள் எட்டில் பழம் சாப்பிடுவார்கள் என்பது எனக்குக் குறையாகப் படவில்லை.

குழிகளைச் சுற்றிக் கறிவேப்பிலை, அகத்தி, சுண்டைக்காய், எலுமிச்சை. முருங்கை கட்டாயம். பெரியகுளத்தில் உருவான பிகேஎம்–1 ரகம் விதைத்து ஆறு ஏழு மாதத்தில் காய்க்கும். கீரை அதற்கும் முன்பே பறிக்கலாம். கிலோ கணக்கில் காய்கறி தர முடியாத பள்ளி, வாரம் இருமுறை பருப்பில் முருங்கைக்கீரை போட முடியும். ஒரேயொரு எச்சரிக்கை: வகுப்பறைச் சன்னலோரம் முருங்கை வைக்காதீர்கள். மழைக்காலத்தில் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். ஒரு பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டால் மறுநாள் மரம் வெட்டப்படும், திட்டமும் அதோடு போகும். கிளை மளுக்கென்று முறியும் என்பதால் ஏறி விளையாடும் இடத்திலும் ஆகாது.

ஆட்டுக்கு வேலி வேண்டும். கம்பி வேலி இருந்தால் நல்லது. இல்லாத இடத்தில் கொங்கு நாட்டு மேய்ச்சல் காடுகளில் செய்வதுபோல் கிளுவைக் குச்சி ஊன்றி உயிர்வேலி அமைக்கலாம். செலவு குறைவு, பிடித்து வளர நாளாகும், முள் உண்டு. மண்ணை மூடிய சருகான மூடாக்குக்குள் பாம்பும் தேளும் ஒதுங்கும் என்பதால் சருகைக் கையால் அள்ளாமல் கவைக்கோலால் இழுக்கப் பழக்க வேண்டும்.

பஸ் பிடித்துப் போவது

1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மழைநீர் அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. இன்று காடு. அதனருகே 2003இல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட், 70 ஏக்கரில் மழைநீரைத் தேக்கி இம்மண்ணுக்குரிய உலர் பசுமைக் காட்டை மீட்கிறது. கரூர் மாவட்டம் கடவூரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் அமைத்த வானகம் பண்ணையில், பலதானியம் விதைத்து மடக்கி உழுவதிலிருந்து மூடாக்கு வரை கண்ணால் பார்க்கலாம். பல ஆண்டுகளில் ஒரு நிலம் எவ்வளவு மாறும் என்பதை இரண்டு வயதுள்ள பள்ளித் தோட்டத்தால் காட்ட முடியாது. பயணத்தின் மதிப்பு அவ்வளவுதான், அது சிறியதும் அல்ல.

ஆனால் இதை முதல் வேலையாக வைப்பதை நான் எதிர்ப்பேன். சொந்தமாக ஒரு குழி வெட்டாத பிள்ளைக்கு வரப்பும் தடுப்பணையும் வெறும் காட்சி. வெட்டிய பிள்ளை, “எங்கள் குழியில் நீர் வற்ற இவ்வளவு நேரம் ஆகிறதே, இங்கே ஏன் உடனே வற்றுகிறது?” என்று கேட்கும். பஸ்ஸில் இடம் குறைவென்று மதிப்பெண் வரிசையில் ஆள் பொறுக்கும் வழக்கமும் எனக்குப் பிடிக்கவில்லை. மண்வெட்டியில் கெட்டிக்காரன் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை.

வெளியார் நடத்தும் வகுப்பு

கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஆலிஸ் வாட்டர்ஸ் 1995இல் ஒரு நடுநிலைப் பள்ளியில் தொடங்கிய உண்ணும் தோட்டம் உலகப் புகழ் பெற்றது. ஓர் ஏக்கர் நிலம், பக்கத்திலேயே சமையல் வகுப்பறை. அதன் படங்களைப் பார்த்து மயங்கும் நம் ஆட்கள், அங்கே தோட்டத்துக்கும் சமையலறைக்கும் தனித்தனியாகச் சம்பளம் பெறும் ஆசிரியர்கள் இருப்பதையும், பின்னால் ஓர் அறக்கட்டளை நிற்பதையும் கவனிப்பதில்லை. வாரம் ஒருமுறை வந்து செயல்முறை நடத்தும் நிறுவனம் கிடைத்தால் ஏறக்குறைய அந்த வசதி நமக்கும் கிடைக்கும், நிதி இருக்கும்வரை. நிதி நின்ற பிறகு?

அதனால் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி, பிள்ளைகளுக்கு என்ன நடத்துவீர்கள் என்பதை விட, எங்களில் யாருக்குக் கற்றுக்கொடுப்பீர்கள் என்பதே. பெர்மாகல்ச்சர் வடிவமைப்புப் பயிற்சி வழக்கமாக 72 மணி நேரம். அதற்கு ஆர்வமுள்ள ஆசிரியரை மட்டும் அனுப்பினால், மாறுதல் கலந்தாய்வில் அவர் சொந்த ஊருக்குப் போகும் அன்று திட்டமும் அவரோடு பஸ் ஏறிவிடும். ஆசிரியரோடு ஊரைவிட்டு நகராத ஒருவரும் போக வேண்டும்: சத்துணவு அமைப்பாளர், அல்லது வயல்வேலை தெரிந்த ஒரு பெற்றோர். பல ஊர்களில் அந்தப் பெற்றோருக்குப் பயிற்சி தருபவரை விட அதிகம் தெரிந்திருக்கும். அப்படியானால் பயிற்சிக் கட்டணத்தை மிச்சப்படுத்தி அவரையே வகுப்புக்கு அழைத்துவிடலாம்.

மண் தொடாத வழி

டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நடத்தும் பசுமைப் பள்ளித் திட்டத்தில் பிள்ளைகளே தணிக்கையாளர்கள். காற்று, ஆற்றல், உணவு, நிலம், நீர், கழிவு என்று ஆறு தலைப்புகளில் தங்கள் பள்ளியை அளக்கிறார்கள். தோட்டம் போட இடமில்லாத நகரப் பள்ளிக்கு இதுவே சரியான வழி என்று பொதுவாகச் சொல்வார்கள். இடமுள்ள பள்ளிக்கும் தொடக்கம் இதுதான் என்பது என் எண்ணம். தேவை ஒரு தராசு, ஓர் அளவு வாளி, ஒரு நோட்டு. தட்டில் மிஞ்சிய சோற்றை ஒரு வாரம் எடை போடுவது, சொட்டும் குழாயடியில் வாளி வைப்பது, ஒரு மழைக்குக் கூரையிலிருந்து எவ்வளவு வரும் என்று கணக்கிடுவது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 930 லிட்டர். கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு 2003இல் மாநிலம் முழுக்கக் கட்டாயமாக்கப்பட்டது. தம் பள்ளியின் குழாய் இன்றும் குழியில்தான் இறங்குகிறதா, சுவரோரம் உடைந்து தொங்குகிறதா என்று பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். மே மாதத்தில் இதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதுமில்லை.

குறை, இது தாளிலேயே நின்றுவிடும் என்பது. உச்ச நீதிமன்றம் 1991இல் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்ன பிறகு அது பள்ளிகளில் பெரும்பாலும் எப்படி முடிந்தது? பாடநூலில் ஒரு பகுதியாகவும் விடுமுறையில் அப்பா செய்துகொடுக்கும் தெர்மாகோல் மாதிரியாகவும். அளந்த எண்ணை வைத்து ஒன்றையாவது மாற்றாத தணிக்கையும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் கூட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டிய ஒன்று உண்டு. குப்பையும் எச்சிலும் தொடும் வேலை நம் ஊர்களில் யார் தலையில் விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சருகு பிரிப்பது, கூடையில் தங்கிய பருக்கையை எடுப்பது, உரக்குழி கிளறுவது ஆகியவற்றுக்கு வருகைப் பதிவேட்டு வரிசைப்படி முறை வைத்து, ஆசிரியர்கள் பெயரையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். “இந்தப் பையன் நன்றாகச் செய்வான்” என்று ஆள் காட்டுவதற்கு இடமே தரக் கூடாது. பையன்கள் வெட்ட, பெண்கள் பெருக்க என்ற பிரிவினைக்கும் இதே விதி. கழிப்பறை சுத்தம் இந்தத் திட்டத்தின் பகுதி அல்ல என்பதையும் தெளிவாக எழுதிவிடுங்கள்.

என் தேர்வு இது. ஜூனிலும் ஜூலையிலும் தணிக்கை. அதன் எண்களை வைத்துப் பிள்ளைகளே இடம் குறித்து, ஆடியில் முதல் வாழைக் குழி. வடகிழக்குப் பருவமழைக்கு முன் கன்றும் முருங்கையும் வேர் பிடித்துவிடும். குழி ஒரு கோடையைத் தாண்டிய பிறகு, அடுத்த ஆடியில் அரை சென்ட் கீரைப் பாத்தி. பயணம் அந்த ஆண்டு தை மாதத்தில். வெளி நிறுவனம் வந்தால் பயிற்சிக்கு மட்டும். தேசியப் பசுமைப் படை என்ற பெயரில் சுற்றுச்சூழல் மன்றம் ஏற்கெனவே இருக்கும் பள்ளி, இதற்கென்று புதிதாகக் குழு தொடங்க வேண்டாம்.

இரண்டு இடங்களில் இந்த வரிசையை மாற்றுவேன். வளாகத்திலேயே விடுதியோ, ஆண்டு முழுதும் தங்கும் காவலாளி குடும்பமோ இருந்தால் காய்கறித் தோட்டத்தை முதலில் வைக்கலாம். விடுமுறையில் விளைவது அவர்களுக்கே சேரும் என்று எழுதிக் கொடுத்தால் வேலி காக்க வேறு ஆள் வேண்டாம். முற்றம் முழுக்கச் சிமெண்ட் போட்ட நகரப் பள்ளியில், மொட்டை மாடியில் வளர்ப்புப் பைகள் என்ற யோசனை உடனே வரும். பைகளுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும், இரண்டு நாள் தவறினால் காய்ந்துவிடும். மாடித் தளம் நீர்க்கசிவைத் தாங்குமா என்று பொறியாளர் பார்க்க வேண்டும், பிள்ளைகள் ஏறுவதற்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும். அந்தப் பணத்தில் குழாயடியை ஒட்டிப் பத்துக்குப் பத்து அடி சிமெண்டை உடைத்தெடுத்தால் ஒரு வாழைக் குழிக்கு இடம் கிடைத்துவிடும்.